உடற்பயிற்சிக்கூட நடத்தை நெறி

உடற்பயிற்சிக்கூட நடத்தை நெறி என்பது, ஒரே கூடத்தையும் அதிலுள்ள கருவிகளையும் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது கடைப்பிடிக்க வேண்டிய வழக்கங்களின் தொகுப்பு ஆகும். இவற்றுள் சில, கூடத்தின் சுவரில் எழுதி ஒட்டப்படும் விதிகள். பெரும்பாலானவை எழுதப்படாத வழக்கங்கள். கருவிகளை முறை வைத்துப் பகிர்தல், எடைகளை உரிய இடத்தில் திரும்ப வைத்தல், வியர்வையைத் துடைத்தல், பிறரின் பயிற்சிக்கு இடையூறு செய்யாதிருத்தல், பிறரைப் படமெடுக்காதிருத்தல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

இவ்வழக்கங்கள் வெறும் மரியாதைக்காக மட்டும் தோன்றியவை அல்ல. காத்திருக்கும் நேரம், விபத்து, தொற்றுநோய், தனிமனித உரிமை ஆகியவற்றோடு இவை நேரடியாகத் தொடர்புடையவை. ஒவ்வொரு வழக்கத்துக்கும் பின்னால் உள்ள காரணத்தை அறிந்தவருக்கு அதைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவை இராது.

வரலாறு

பண்டைய கிரேக்க நகரங்களில் உடற்பயிற்சிக்கூடம் பொது நிறுவனமாக விளங்கியது. மாசிடோனியாவின் பெரோயா நகரில் (இன்றைய கிரேக்க நாட்டின் வெரியா) கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, அந்நகரின் உடற்பயிற்சிக்கூடச் சட்டத்தைத் தருகிறது. கூடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆவணங்களுள் இது ஒன்று. கூடத்தை நடத்தும் அதிகாரியின் கடமைகள், இளைஞர்கள் சிறுவர்களிடம் பேசத் தடை, திருட்டுக்குத் தண்டனை ஆகியவை அதில் கூறப்பட்டுள்ளன. குடித்திருப்பவர், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், அவர்களின் மகன்கள், சந்தையில் தொழில் செய்பவர்கள் ஆகியோர் கூடத்தில் பயிற்சி செய்யக் கூடாது என்றும் அச்சட்டம் விலக்கியது. ஒழுங்கைக் காக்கும் விதியும் ஆட்களை விலக்கும் விதியும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஈரானின் மரபுவழிப் பயிற்சிக்கூடமான சூர்கானேயின் வாயில் தாழ்வாக அமைக்கப்படுவது வழக்கம். உள்ளே வருபவர் யாராயினும் தலை குனிந்தே நுழைய வேண்டும். இக்கூடங்களின் சடங்குகளும் பயிற்சிகளும் 2010 ஆம் ஆண்டில் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வட இந்திய மல்யுத்தக் கூடமான அகாராவில், பயிற்சி தொடங்குமுன் மண் களத்தைக் கொத்திப் பண்படுத்துவது அங்கு பயிலும் மல்லர்களின் வேலை ஆகும். பொதுக் களத்தை அடுத்தவருக்கு ஏற்றதாக வைத்தல் என்ற கருத்து அங்கு பயிற்சியின் பகுதியாகவே அமைந்துள்ளது.

1811 இல் பிரீட்ரிக் லுட்விக் யான் பெர்லினின் ஆசன்கைடே பகுதியில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றைத் தொடங்கினார். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாதக் கட்டணம் செலுத்தி யாரும் சேரக்கூடிய வணிகக் கூடங்கள் பெருகின. ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஆசிரியரின் நேரடிக் கட்டுப்பாடு இன்றி, தத்தம் பயிற்சியைத் தாமே செய்துகொள்ளும் நிலை இதனால் பரவலானது. இன்றைய நடத்தை நெறி பெரும்பாலும் இச்சூழலுக்கு உரியது.

கருவிகளைப் பகிர்தல்

எடைப் பயிற்சியில் ஓர் அசைவை இடைவிடாமல் 8 அல்லது 10 முறை போலச் செய்வது ஒரு செட் எனப்படும். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் இடையே ஓய்வு தேவை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பல மூட்டுகளை ஈடுபடுத்தும் முதன்மைப் பயிற்சிகளுக்கு 2 முதல் 3 நிமிடமும், துணைப் பயிற்சிகளுக்கு 1 முதல் 2 நிமிடமும் ஓய்வு கொள்ளலாம். ஆகவே ஒருவர் கருவியைப் பிடித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அக்கருவி சும்மா இருக்கும் நேரமே ஆகும்.

இதை ஓர் எளிய கணக்கால் காணலாம். ஒரு செட்டுக்கு 40 நொடி, ஓய்வுக்கு 2 நிமிடம், மொத்தம் 4 செட் என்று கொள்வோம்.

- ஒருவர் பயிற்சியை முடிக்க ஆகும் நேரம்: 8 நிமிடம் 40 நொடி.
- இதில் கருவி உண்மையில் இயங்கும் நேரம்: 2 நிமிடம் 40 நொடி.
- முதலாமவர் முடித்த பின் இரண்டாமவர் தொடங்கினால் இருவரும் முடிக்க ஆகும் நேரம்: 17 நிமிடம் 20 நொடி.
- முதலாமவரின் ஒவ்வொரு செட்டும் முடிந்து 20 நொடி கழித்து இரண்டாமவர் தம் செட்டைச் செய்தால் இருவரும் முடிக்க ஆகும் நேரம்: 9 நிமிடம் 40 நொடி.

நான்காவது நிலையில் முதலாமவர் தமக்குரிய 8 நிமிடம் 40 நொடியிலேயே முடித்துவிடுகிறார். அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. இரண்டாமவருக்கோ ஏறத்தாழ எட்டு நிமிடம் மிச்சமாகிறது. வாய்க்கால் நீரை ஊரார் முறை வைத்துப் பாய்ச்சும்போது ஒருவருக்குக் கிடைக்கும் நீர் மற்றவருக்குக் குறையும். இங்கு அதுவும் இல்லை. முறை வைத்துப் பயன்படுத்தக் கேட்பது தவறன்று என்பதற்கும், கேட்டால் மறுக்காதிருப்பது நல்ல பழக்கம் என்பதற்கும் இதுவே அடிப்படை.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மூவர் பகிரும்போது ஒரு சுற்றில் எஞ்சுவது மொத்தம் 40 நொடி மட்டுமே. மூவரும் வெவ்வேறு எடைகளைப் பயன்படுத்தினால் தட்டுகளை மாற்றவே அந்நேரம் போதாது. உயரம் மிக வேறுபடுபவர்கள் ஒரே தாங்கியைப் பகிர்வதும் கடினம். அந்நிலையில் இன்னும் எத்தனை செட் உள்ளன என்று கேட்டுக் காத்திருப்பதே வழக்கம்.

பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கங்கள் பின்வருமாறு:

- ஒருவர் செட்டின் நடுவில் இருக்கும்போது பேசாமல், அது முடிந்த பின் கேட்டல்.
- முறை வைத்துப் பயன்படுத்துபவர், முதலில் இருந்தவரின் எடையையும் இருக்கை உயரத்தையும் மீண்டும் பழைய நிலைக்கு அமைத்துத் தருதல்.
- துண்டையோ தண்ணீர்ப் புட்டியையோ வைத்துவிட்டு நெடுநேரம் வேறிடம் செல்லாதிருத்தல்.
- கருவியின் மீது அமர்ந்தபடி கைபேசியில் ஆழ்ந்திராமை.
- கூட்டம் மிகுந்த நேரத்தில் ஒருவரே இரண்டு, மூன்று கருவிகளைப் பிடித்துவைக்காதிருத்தல்.
- டிரெட்மில் போன்ற ஓட்டக் கருவிகளில் கூடம் விதித்துள்ள நேர வரம்பை மீறாதிருத்தல்.

எடைகளைத் திரும்ப வைத்தல்

பயன்படுத்திய டம்பெல்களையும் தட்டுகளையும் அவற்றுக்குரிய தாங்கியில் வைப்பது, எல்லாக் கூடங்களிலும் வலியுறுத்தப்படும் விதி ஆகும். தரையில் விடப்பட்ட எடை, பின்னோக்கி நடப்பவரின் காலை இடறும். மேலும், ஒருவருக்கு எளிதான 25 கிலோகிராம் தட்டை அடுத்து வரும் முதியவரோ புதியவரோ தூக்கி அகற்ற இயலாமற் போகலாம். அவ்வாறாயின் அக்கருவி அவருக்கு இல்லாததற்கு ஒப்பாகும்.

தட்டுகளைக் கழற்றும் முறையிலும் கவனம் தேவை. பளுதூக்கல் போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் பார்பெல் தண்டின் நீளம் 2.2 மீட்டர், எடை 20 கிலோகிராம். பெண்களுக்கான தண்டு 15 கிலோகிராம். முதலாவது வகைத் தண்டு, ஏறத்தாழ 1.1 மீட்டர் இடைவெளியுள்ள இரு தாங்கிகளின் மீது இருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கத் தட்டுகளை முழுவதும் கழற்றிவிட்டால், மறுபக்கத் தட்டுகள் அப்பக்கத்துத் தாங்கியைச் சுழல்மையமாகக் கொண்டு தண்டைக் கவிழ்க்க முயலும். தண்டின் சொந்த எடை அதைத் தடுக்கும். தண்டின் ஈர்ப்பு மையம் தாங்கியிலிருந்து 0.55 மீட்டர் உள்ளே இருப்பதால், தடுக்கும் திருப்புத்திறன் 20 × 0.55 = 11 கிலோகிராம்-மீட்டர் ஆகும்.

ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள 20 கிலோகிராம் தட்டுகள், தாங்கிக்கு வெளியே சுமார் 14 சென்டிமீட்டர் தொலைவில் தொடங்குகின்றன. இரண்டு தட்டுகள் உண்டாக்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 7.6. மூன்று தட்டுகளுக்கு அது ஏறத்தாழ 12.9. எனவே இரண்டு தட்டுகள் வரை தண்டு நிற்கும், மூன்றாவது தட்டு இருந்தால் கவிழும். அதே நீளமுள்ள 10 கிலோகிராம் தண்டாயின் இரண்டு தட்டுகளே அதைக் கவிழ்த்துவிடும். கவிழும் தண்டின் மறுமுனை, அருகில் நிற்பவரின் முகத்தில் அடிக்கக்கூடும். இதனாலேயே தட்டுகளை இரு பக்கமும் மாறிமாறி, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும் என்று கற்பிக்கப்படுகிறது.

துணை நிற்றல்

மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில், கை தளர்ந்தால் தண்டு மார்பின் மீதோ கழுத்தின் மீதோ விழும். இது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே கனமான எடையைத் தூக்குபவர், தலைமாட்டில் ஒருவரைத் துணை நிற்கக் கேட்பது வழக்கம். அறிமுகம் இல்லாதவரிடமும் இவ்வுதவியைக் கேட்கலாம். இயலாதவர் அல்லது அவ்வளவு எடையைத் தாங்கும் வலு இல்லாதவர், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே முறை.

துணை நிற்பவர், எத்தனை முறை தூக்கப்போகிறார், எந்தச் சைகையில் உதவ வேண்டும் என்பவற்றை முன்னரே கேட்டறிய வேண்டும். தேவையின்றித் தண்டைத் தொடுவதும், செட் முடியுமுன் கவனத்தைத் திருப்புவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. கேளாமல் அறிவுரை கூறுவது பொதுவாக விரும்பப்படுவதில்லை. ஆனால் ஒருவர் எடைக்கு அடியில் சிக்கிக்கொண்டால் அனுமதிக்காகக் காத்திராமல் உடனே உதவ வேண்டும்.

தூய்மை

கருவிகள் பலரின் தோலைத் தொடுவதால் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகளும் பாக்டீரியாத் தொற்றுகளும் பரவ வாய்ப்புண்டு. 2003 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கால்பந்து அணியில், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியாவால் ஐந்து வீரர்களுக்குத் தோல் தொற்று ஏற்பட்டது. தோல் சிராய்ப்புகள் ஒரு காரணமாக இருந்தன. துண்டுகளை வீரர்கள் பகிர்ந்துகொண்டதும் ஆய்வில் கவனிக்கப்பட்டது. எனவே கருவிகளைப் பகிர வேண்டும், துண்டைப் பகிரக் கூடாது. பெஞ்சின் மீது சொந்தத் துண்டை விரித்தல், பயன்படுத்திய பின் துடைத்தல், காயங்களைக் கட்டி மூடுதல் ஆகியவை அடிப்படை வழக்கங்கள். கிருமிநீக்கியைத் தெளித்தவுடன் துடைத்துவிட்டால் அதன் பயன் குறையும். புட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்க வேண்டும்.

கோவிட்-19 பெருந்தொற்று, நோயுற்றபோது வராதிருத்தலின் இன்றியமையாமையை உணர்த்தியது. 2020 ஆகஸ்ட் இறுதியில் சிகாகோ நகரின் ஒரு கூடத்தில் நடந்த வகுப்புகளில் பங்கேற்ற 81 பேரில் 55 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. அவர்களுள் 22 பேர், அறிகுறி தோன்றிய நாளிலோ அதற்குப் பின்னரோ வகுப்புக்கு வந்தவர்கள். இந்தியாவில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட கூடங்கள் அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஒருவருக்கு 4 சதுர மீட்டர் பரப்பும் கருவிகளுக்கிடையே 6 அடி இடைவெளியும் வேண்டும் என நடுவண் நலவாழ்வு அமைச்சகம் அறிவுறுத்தியது.

ஒலியும் இடமும்

எடையை ஓங்கித் தரையில் போடுவது கருவியையும் தளத்தையும் சேதப்படுத்தும். இதற்கென இரப்பர்த் தளமும் இரப்பர்த் தட்டுகளும் உள்ள இடங்களில் மட்டும் இது ஏற்கப்படுகிறது. உரத்து முனகுவது பற்றி ஒத்த கருத்து இல்லை. கடுமையான முயற்சியில் மூச்சை வெளிவிடும்போது ஒலி எழுவது இயல்பு என்பர் சிலர். புதியவர்களை அது அச்சுறுத்துகிறது என்பர் வேறு சிலர். அமெரிக்காவின் பிளானட் ஃபிட்னஸ் நிறுவனக் கூடங்கள், இவ்வாறு ஒலியெழுப்புவோரை எச்சரிக்கச் சங்கொலி ஒன்றைப் பயன்படுத்துவதற்காக அறியப்பட்டவை. 2006 இல் நியூயார்க் மாநிலத்தில் அந்நிறுவனத்தின் கூடம் ஒன்றிலிருந்து ஓர் உறுப்பினர் முனகியதற்காக வெளியேற்றப்பட்டது பரவலாக விவாதிக்கப்பட்டது.

பயிற்சி செய்பவருக்கும் அவர் பார்க்கும் கண்ணாடிக்கும் இடையே நடக்காதிருத்தல், தாங்கியின் முன்னாலேயே நின்று டம்பெல் தூக்கி வழியை மறைக்காதிருத்தல் ஆகியனவும் பொதுவான வழக்கங்கள்.

படமெடுத்தலும் தனியுரிமையும்

கைபேசிக் கேமராவின் வரவால் இது தனிச் சிக்கலாகியுள்ளது. 2016 இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், உடைமாற்றும் அறையில் இருந்த 70 வயதுப் பெண்ணை ஒருவர் இரகசியமாகப் படமெடுத்து இணையத்தில் கேலியாக வெளியிட்டார். 2017 இல் நீதிமன்றம் அவருக்கு 30 நாள் சமூகப் பணியும் மூன்றாண்டு நன்னடத்தைக் காலமும் விதித்தது. இந்தியாவில், தனிமையில் இருக்கும் பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 இல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. 2024 சூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77 ஆம் பிரிவின் கீழ் வருகிறது.

பயிற்சிப் பகுதியில் தன்னைத் தானே படமெடுப்பவரும், பின்னணியில் பிறர் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உற்றுப் பார்த்தலும் உடலைப் பற்றிய குறிப்புரைகளும், குறிப்பாகப் பெண்களையும் உடல் பருத்தவர்களையும் கூடத்துக்கு வராமலேயே செய்துவிடக்கூடும். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் கூடங்களும், பெண்களுக்கு மட்டுமேயான கூடங்களும் உள்ளன.

புதியவர்களும் எழுதப்படாத விதிகளும்

எழுதப்படாத விதிகளின் குறை, அவை புதிதாக வருபவருக்குத் தெரியாது என்பதே. கருவியைப் பகிரக் கேட்கலாம் என்று அறியாதவர், ஒவ்வொரு முறையும் ஒதுங்கி நின்று காத்திருப்பார். நாளடைவில் வருவதையே நிறுத்தவும் கூடும். எனவே சேரும் நாளிலேயே இவற்றை விளக்கிச் சொல்வதும், சுவரில் தமிழிலோ அவ்விடத்து மக்கள் அறிந்த மொழியிலோ எழுதிவைப்பதும் கூடத்தின் பொறுப்பாகும். விதியை அறியாமல் மீறுபவரிடம் தணிந்த குரலில் சொல்லுதலும், பிணக்கு வளருமாயின் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தலும் உறுப்பினர்களின் பொறுப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- உடற்பயிற்சி
- எடைப் பயிற்சி
- பளுதூக்கல்
- கர்லாக்கட்டை
- மல்யுத்தம்