கப்பல் பேரேட்டில் ஒரு சாதிக் கட்டம்

"எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாரு. கப்பலேறி நேட்டாலுக்குப் போனாரு. போனவரு போனவருதான், ஒரு கடுதாசி வரல." என் ஆயா சொன்ன குடும்ப வரலாறு இவ்வளவுதான். வட ஆற்காட்டுச் சேரியில் பிறந்த அவளுக்கு வருஷம் தெரியாது, கப்பல் தெரியாது. பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரில் எங்க சேரியில் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு.

ஊர்க்காரனுக்குக் கோயில் கல்வெட்டு இருக்கிறது, நிலப்பத்திரம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? நம் உழைப்பை விலைக்கு வாங்கியவன் எழுதிவைத்த கணக்குதான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. எல்லாச் சாதியாரும் போனார்கள். நம் சனமும் திரளாகப் போனது. ஆளுக்கொரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் என்று எழுதினார்கள். அந்தப் பேரேடுகளை இன்று இணையத்தில் தேடலாம்.

தேடினேன். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். ஒரே பெயர் நாலு விதமாகக் கிடக்கிறது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். கடைசியில் சாதிக் கட்டத்தைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பறையன். பள்ளிக்கூடத்தில் எவன் சொன்னாலும் சண்டைக்குப் போன சொல்லை, வெள்ளைக்காரன் எழுத்தில் நானே தட்டினேன். கை கூசியது.

வரிசை வரிசையாக வந்தார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். காலில் தழும்பு, நெற்றியில் தழும்பு. கதிர் அறுக்கையில் பட்டதா, பண்ணையில் அடித்ததா என்று எழுதக் கட்டம் இல்லை.

எங்க ஜில்லாவில் அதே பெயரில் மூன்று பேர். தகப்பன் பெயர் மூன்றும் வேறு. ஆயாவிடம் கேட்டேன்.

"தாத்தாவோட அப்பன் பேரா? அத யாரு எங்களுக்குச் சொன்னா? மூணு பேரையும் நம்மாளுன்னு வெச்சுக்கடா."

"சாதிய மாத்திச் சொல்லிட்டுக் கப்பல் ஏறுனவங்களும் உண்டு ஆயா. அவரு அப்படிச் சொல்லியிருந்தா நான் கண்டுபிடிக்கவே முடியாது."

ஆயா சிரித்தாள். "அப்ப தேடாத. நல்லா இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் தகப்பன் பெயர் ஒன்று தெரிந்திருந்தால் அந்த மூன்று பேரில் ஒருவர் எங்க வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். தோழர்களே, உங்க வீட்டுக் கிழவிகளிடம் இன்றைக்கே உட்காருங்கள். யாருக்கு யார் பிறந்தார்கள், எந்த ஊரிலிருந்து எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் போய்விட்டால் நமக்கு மிஞ்சுவது குமாஸ்தாவின் கணக்கு மட்டும்தான்.