எலினார் கிளார்க் ஸ்லேகில் சொற்பொழிவு

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைத் துறையில், ஆராய்ச்சியாலோ போதனையாலோ சிகிச்சை அனுபவத்தாலோ அத்துறையின் அறிவைச் சிறப்பாக வளர்த்தவர்களுக்கு அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கம் அளித்துவரும் கல்விசார் கௌரவம் இது. 1953-இல் ஏற்படுத்தப்பட்டது, முதற் சொற்பொழிவு 1955-இல் நிகழ்ந்தது. இதனைப் பெறுபவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் தம் வாழ்நாட் சிந்தனையின் சாரத்தை ஒரு பேருரையாக வழங்குவார். அவ்வுரை பின்னர்ச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சாகும்.

துறையின் தோற்றம்: நோயாளியைப் படுக்கையில் சும்மா கிடக்க விடுவது அவனுடைய உடலையும் உள்ளத்தையும் மேலும் நலியச் செய்யும் என்பதையும், தக்கதொரு வேலையில் அவனை ஈடுபடுத்துவது தானே ஒரு மருந்தாகும் என்பதையும் அடிப்படைத் தத்துவமாகக் கொண்டு, 1917-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அறுவர் கூடி, இன்றைய அமெரிக்கச் சங்கத்தின் தொடக்கமான தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். கூட்டம் நடந்த 'கன்சொலேஷன் ஹவுஸ்' என்ற இல்லத்தை அமைத்தவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர். காசநோயாலும் பக்கவாதத்தாலும் தாக்குண்டு, கைத்தொழிலாலும் தோட்ட வேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர். மனநோய் மருத்துவரான வில்லியம் ரஷ் டண்டன், கைத்தொழில் ஆசிரியையான சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவிலிருந்து வந்த தாமஸ் கிட்னர், பார்ட்டனின் செயலாளரான இசபெல் நியூட்டன், இச்சொற்பொழிவுக்குப் பெயர் தந்த எலினார் கிளார்க் ஸ்லேகில் ஆகியோர் மற்றை ஐவர்.

ஸ்லேகிலின் பணி: நியூயார்க் மாநிலத்து ஹோபார்ட் என்னும் ஊரிற் பிறந்த ஸ்லேகில், நடுவயதை எட்டிய பின்னரே சிகாகோவிற் சமூகசேவைக் கல்வி பயின்று, மனநோய் விடுதிகளில் நோயாளிகள் வேலையின்றி வாளா கிடந்து வாடுவதைக் கண்டு மனமிரங்கி இத்துறையை மேற்கொண்டார். பால்ட்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஃபிப்ஸ் மனநோய் நிலையத்தில் அடால்ஃப் மேயர் என்னும் பேரறிஞரின் கீழ்ப் பணிபுரிந்த அவர், பின்னர்ச் சிகாகோவுக்குத் திரும்பி, ஹென்றி ஃபேவில் பெயரால் அமைந்த பள்ளியிற் பயிற்சியாளர்களை உருவாக்கினார். நெடுங்காலம் நோயுற்று, எழுதல், குளித்தல், உடுத்தல், உண்ணல் முதலிய நித்திய கர்மங்களையும் மறந்துவிட்ட மனநோயாளிகளுக்கு, விடிந்தது முதல் உறங்கும் வரையில் வேலையும் விளையாட்டும் ஓய்வும் முறையாக அமைந்த ஒரு தினசரி ஒழுங்கைப் பொறுமையோடு பழக்கி, இழந்த பழக்கங்களை மீண்டும் பெறச் செய்வதே அவர் வகுத்த 'பழக்கப் பயிற்சி' என்னும் முறை. சங்கத்தின் தலைவராகவும், 1922 முதல் 1937 வரை அதன் நிர்வாகச் செயலாளராகவும் அவர் ஆற்றிய தொண்டினால், சிறு குழுவாகத் தோன்றிய சங்கம் கல்வித் தரமும் கட்டுப்பாடும் உடைய ஸ்தாபனமாக நிலைபெற்றது. அவர் ஓய்வுபெற்ற போது நடந்த பாராட்டு விழாவில் ஜனாதிபதியின் மனைவியாரான எலினார் ரூஸ்வெல்ட் கலந்துகொண்டார். 1942-இல் ஸ்லேகில் காலமானார்.

சொற்பொழிவாளர்கள்: 1955-இல் முதற் சொற்பொழிவை ஆற்றிய ஃபிளாரன்ஸ் ஸ்டாட்டெல் சிகிச்சைக்கென வகுக்கப்படும் கருவிகளைப் பற்றிப் பேசினார். தொடக்க ஆண்டுகளில் கருவிகள், நிர்வாகம், வேலைத்திறனை மதிப்பிடும் முறை முதலிய நடைமுறை விஷயங்களே மிகுதியாக இடம்பெற்றன. 1961-இல் மேரி ரெய்லி ஆற்றிய உரையோடு இம்மேடையின் தன்மை மாறியது எனலாம். மருத்துவத்தின் பிற கிளைகளைப் பின்பற்றித் தன் இயல்பை மறந்துவிடலாகாது என்று துறையினரை எச்சரித்து, மனிதன் மனமும் உறுதியும் ஒன்றித் தன் கைகளால் உழைப்பதன்வழித் தன் ஆரோக்கியத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லவன் என்னும் கருத்தை அவர் நிலைநாட்டினார். பின்னாளில் அவர் மாணவரான கேரி கீல்ஹாஃப்னர் வகுத்த கோட்பாட்டிற்கு வித்து அவர் சிந்தனையே. 1963-இல் உரையாற்றிய ஜீன் ஏயர்ஸ், கண்ணிலும் தசையிலும் குறையின்றியும் எழுதவும் விளையாடவும் இடர்ப்படும் குழந்தைகளை ஆராய்ந்தவர். புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் முறையைப் பற்றி அவர் வளர்த்த கோட்பாடு இன்று உலகெங்கும் குழந்தைகள் சிகிச்சையிற் பயன்படுகிறது. 1966-இல் எலிசபெத் யெர்க்சா, தன் சிகிச்சையைத் தெரிந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கே உண்டு என வற்புறுத்தினார். குழந்தையின் வளர்ச்சிப் படிகளைச் சிகிச்சைக்கு அடிப்படையாக்கிய லேலா லோரன்ஸ் 1969-இல் இக்கௌரவம் பெற்றார். இம்மேடையேறிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே.

பிற நாடுகளில்: 1930-இல் பிரிஸ்டல் நகரில் டார்செட் ஹவுஸ் என்னும், பிரிட்டனின் முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் எலிசபெத் காசன் நினைவாக அந்நாட்டிலும், மூரியல் டிரைவர் பெயரால் கனடாவிலும், சில்வியா டாக்கர் பெயரால் ஆஸ்திரேலியாவிலும் இவ்வகைச் சொற்பொழிவுகள் நடைபெறுகின்றன. இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர், அமெரிக்காவிற் பிறந்து, பிலடெல்பியாவிற் பயிற்சி பெற்ற கமலா நிம்ப்கர். 1950-இல் பம்பாய்க் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியே இந்நாட்டில் இத்துறைக்கு ஏற்பட்ட முதற் கல்விச்சாலை. 1952-இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு உருவானபோது அதனை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக விளங்கியது.

மதிப்பீடு: பதக்கமும் பாராட்டும் பெற்றவுடன் கடமை முடிந்ததாகக் கொள்ளும் வழக்கத்திற்கு மாறாக, கௌரவிக்கப்பட்டவரிடமே ஒரு புதிய சிந்தனையைக் கடனாகக் கேட்கும் ஏற்பாடு இது. நோயாளியின் அருகிலிருந்து உழைத்தவரும் வகுப்பறையிற் கற்பித்தவரும் ஒரே மேடையில் ஏறி, தாம் கண்ட உண்மையைச் சக தொழிலாளரின் பரிசீலனைக்கு வைக்கவேண்டியிருப்பதால், இவ்வுரைகளின் வரிசை அத்துறையின் சிந்தனை வரலாறாகவே அமைந்துவிட்டது. சிறந்தோரைப் போற்றும் முறைகளுள், அவர்தம் அறிவைப் பின்வருவோர்க்கு உரிமையாக்கும் இம்முறையே மேலானது.