இமாம் கஸ்ஸாலி (ரஹ்): அழைப்பை உணர்ந்த ஆசிரியர்

தன் வாழ்வுக்கும் பணிக்கும் இறைவன் நாடிய இலக்கு எதுவென்று மனிதன் எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே ஒரு விடையாகும். அதனை அவர்களே 'அல்முன்கித் மினள்ளலால்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீயிடம் பயின்றார்கள். 1091இல் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஸாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியராக நியமித்தார். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் கற்றனர். அக்காலத்து ஆலிம் ஒருவர் அடையத்தக்க உயர்ந்த பீடம் அது.

அப்பீடத்தில் இருந்தவாறே தம் நிய்யத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி ஹிஜ்ரி 488 ரஜபிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களை வாட்டியது. இறுதியில் பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் செல்லவில்லை. நோய் உள்ளத்தில் உள்ளதென்று மருத்துவர்கள் கைவிரித்தனர். பிள்ளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டளித்து, 1095இல் பக்தாதை நீங்கினார்கள்.

1092இல் நிஸாமுல் முல்க் படுகொலை செய்யப்பட்டதை அடுத்து எழுந்த அரசியல் அச்சமே இதற்குக் காரணம் என வாதிடுவோர் உளர். ஆனால் அச்சம் மட்டுமே காரணமாயின், இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் இமாமவர்கள் செய்த உறுதிமொழிக்கு விளக்கமில்லை. அரசரின் பொருளைப் பெறுவதில்லை, அவர்தம் அவையை நாடுவதில்லை, வாதப்போர் புரிவதில்லை என்பன அதன் மூன்று கூறுகள்.

திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தனிமையில் கழித்து, ஹஜ்ஜையும் நிறைவேற்றித் தாயகம் திரும்பிய அவர்களை, 1106இல் அமைச்சர் ஃபக்ருல் முல்க் நிஷாப்பூரில் கற்பிக்க அழைத்தார். இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது உள்ளது. முன்பு பதவியை ஐயுற்றவர்கள், இப்போது தம் தனிமையையே ஐயுற்றார்கள். ஒதுங்கியிருப்பது சோம்பலுக்காகவும் சுகத்துக்காகவும் இருக்கலாகாதே என்று அஞ்சினார்கள். தம் விருப்பத்தை மட்டும் நம்பாமல் இறைநேசர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர்கள் ஒருமித்துப் புறப்படுமாறு கூறினர். ஸாலிஹீன்கள் பலர் கண்ட கனவுகளும் அதற்கு இசைந்தன. ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் மார்க்கம் புதுப்பிக்கப்படும் என்ற நபிமொழியும் நம்பிக்கையூட்டியது. அதன் பின்னரே இணங்கினார்கள்.

பணி அதே ஆசிரியப் பணிதான். எனினும் பழைய நிலைக்குத் தாம் மீளவில்லை என்பது அவர்களின் கருத்து. முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தார்கள். இப்போது பதவி மோகத்தைத் துறக்கச் செய்யும் கல்வியை. பின்னர் தூஸ் திரும்பி, ஹிஜ்ரி 505இல் (1111) மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்கள்.

இது ஆலிம்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் நாற்பது கிதாபுகளுள் ஒன்று பொருளீட்டலின் ஒழுங்குகளைப் பேசுகிறது. வணிகரும் கைவினைஞரும் தம் தொழிலை ஃபர்ளு கிஃபாயாவாகக் கருதி நிய்யத் கொள்ளவேண்டும் என்கிறது; தொழில்கள் கைவிடப்பட்டால் மக்கள் வாழ்வே சீர்குலையும் என்பது காரணம். ஆகவே இறைவன் தந்த இலக்கைத் தேடுவோர் அனைவரும் ஊரையும் தொழிலையும் துறக்க வேண்டியதில்லை. தாம் இருக்கும் இடத்தில் யாருக்காக இருக்கிறோம் என்று நேர்மையாகக் கேட்பதும், வரும் விடையைச் சான்றோர் முன்வைத்துச் சரிபார்ப்பதும் அத்தேடலின் தொடக்கமாகும்.