பால் இல்லாத பஞ்சாமிர்தம்

பஞ்சாமிர்தம் என்றால் ஆகமத்தார் சொல்வது பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. பாம்பன் சுவாமிகள் முருகன் மேல் பாடிய பஞ்சாமிர்த வண்ணமும் இந்தக் கணக்கில்தான் போகிறது. பால், தயிர், நெய், சர்க்கரை, தேன் என்று ஐந்து பகுதிகளாகவே அதைக் கட்டியிருக்கிறார். அபிஷேகத்துக்குப் பொருள் இல்லாத ஏழையும் அந்த ஐந்தையும் பாடினால் போதும், சுவாமி ஏற்றுக்கொள்வார் என்று முருகனடியார்கள் நம்புகிறார்கள்.

பழனிக்கு வந்தால் அந்தப் பட்டியல் மாறிவிடுகிறது. பாலும் தயிரும் இல்லை. அந்த இடத்துக்கு வாழைப்பழம் வந்தது, கூடவே ஏலக்காய் சேர்ந்தது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய் என்பதுதான் பழனியின் ஐந்து. பேரீச்சம்பழமும் கற்கண்டும் ருசிக்காக மேலே சேர்வன. அடுப்பு ஏற்றுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. பழனிப் பஞ்சாமிர்தம் பிறந்தது இந்த மாற்றத்தில்தான்.

ஏன் மாறியது? பழனியில் கேட்டால் போகரைச் சொல்வார்கள். நவபாஷாணத்தில் தண்டாயுதபாணியைச் செய்து வைத்தவர் அவர் என்பதும், அந்தத் திருமேனியில் பட்டு வழிவதெல்லாம் மருந்து என்பதும் ஊர் நம்பிக்கை. அதை நானும் மதிக்கிறேன். ஆனால் பழனிக்கு வருகிற கூட்டம் எப்படிப்பட்டது என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி நடந்து வருகிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து, வெயிலில் நடந்து வருகிறார்கள் கொங்கு நாட்டார். இவர்கள் எல்லாரும் வந்த வழியே ஊர் திரும்பி, காத்திருக்கும் குழந்தைக்கும் கிழவிக்கும் பிரசாதம் கொடுக்க வேண்டும். பாலும் தயிரும் கலந்த பஞ்சாமிர்தம் மறுநாள் பொழுதுக்குள் புளித்துவிடும். நீர்ச்சத்து குறைந்த பழத்தைச் சர்க்கரையோடும் தேனோடும் பிசைந்தால் நாள்கணக்கில் நிற்கும். பழத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் கெடுக்கும் கிருமிக்கு அங்கே பிழைப்பில்லை. நடந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் பிரசாதமாகவே இது உருவானது என்பது என் துணிபு.

ஏறும்போது தோளில் காவடி, வாயில் சிந்து. இறங்கும்போது கையில் பஞ்சாமிர்தம். அகத்தியருக்காக இரண்டு குன்றுகளை இடும்பன் சுமந்து வந்த கதையில் தொடங்குகிறது காவடி. மயிற்பீலி கட்டி, நாயனமும் தவிலும் முன்னே போக, ஆடிக்கொண்டே வருகிறார்கள். அந்த நடைக்கென்றே காவடிச் சிந்து என்ற பாட்டு வகை வளர்ந்து, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கையில் இலக்கியமாயிற்று. அவர் பாடியது கழுகுமலை முருகனை. ஆடிப் பாடுவதோ எல்லா முருகன் மலைகளிலும். எடப்பாடிக் காவடிக் கூட்டத்தார் தைப்பூசம் முடிந்து வந்து, மலைமேலேயே டன் கணக்கில் தங்கள் கையால் பஞ்சாமிர்தம் பிசைந்து, அங்கேயே இரவு தங்குவது இன்றும் நடக்கிறது. மற்ற யாருக்கும் இல்லாத உரிமை அது. சமையலும் ஆட்டமும் பாட்டும் ஒரே வழிபாடாக இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்த நாளில் பழனிக்குப் போக வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரமான மலைவாழைப்பழம் பழனியில் விளைவதில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி, ஊத்து என்ற இடத்தில் பிரிந்தால் பண்ணைக்காடு. அந்தச் சாலையிலேயே மேலும் போனால் தாண்டிக்குடி. முருகன் அங்கிருந்துதான் பழனிக்குத் தாவினான் என்பது அவ்வூர்க் கதை. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி முதல் 5,000 அடி வரையிலான இந்தக் கீழ்ப்பழனி மலைச் சரிவுகள்தான் மலைவாழையின் வீடு. மரநிழலில் காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, நடுநடுவே வாழை. வாய்க்கால் பாசனம் கிடையாது. மழையும் பனியும்தான் தண்ணீர். தார் வெட்டியதும் தாய்மரம் சாய, பக்கக்கன்று மேலே வருகிறது. ஒரு முறை நட்ட கிழங்கு அடுத்த தலைமுறைக்கும் தார் தரும்.

அவசரமில்லாமல், நீர் குறைவாகக் குடித்து வளர்வதால் இதன் சதை இறுகியிருக்கும். இனிப்போடு ஒரு மெல்லிய புளிப்பு இருக்கும். பிசைந்தால் நீர் விடாது, கொழகொழக்காது. ஒட்டன்சத்திரம் பக்கம், மலையடிவாரத்து விருப்பாட்சியின் பேரால் இதை விருப்பாட்சி வாழை என்கிறார்கள். வெள்ளையரை எதிர்த்து நின்ற கோபால் நாயக்கரின் பாளையம் அது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு.

இந்த வாழைதான் ஒரு கட்டத்தில் அழியப் பார்த்தது. முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் அகலம் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் குவிந்து நிற்கும். காம்பில் கரும்பச்சைக் கோடுகள் ஓடும். பிறகு அந்த மரம் தார் ஈனாது. நோயைப் பரப்புவது ஒரு சின்ன அசுவினிப் பூச்சி. அதைவிடப் பெரிய கேடு, நச்சுயிரி கிழங்குக்குள் இறங்கி ஒவ்வொரு பக்கக்கன்றிலும் ஏறிவிடுவது. பிடுங்காமல் பரம்பரையாகக் கன்று விட்டுக்கொண்டே போகும் முறைதான் மலைவாழைக்குப் பலமாக இருந்தது. அந்த முறையே நோய்க்கு வழியாயிற்று. நல்ல கன்று என்று நம்பி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு எடுத்துப் போனதில் நோயும் கூடவே போனது. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் நின்ற மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது என்பது வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லும் கணக்கு.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழிப்பது ஒன்றுதான் வழி. தாத்தா நட்ட வாழையைத் தன் கையாலேயே கொல்வது எந்த விவசாயிக்கும் லேசான காரியமில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வாழையின் வளர்நுனியை எடுத்துத் திசு வளர்ப்பில் நச்சுயிரி இல்லாத கன்றுகளை உண்டாக்கி, சோதித்து, மலைக்கு அனுப்பியது. தாண்டிக்குடியில் அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊரார் சேர்ந்து நோய் மரங்களை அழித்துப் புதுக் கன்று நட்ட இடங்களில் மலைவாழை திரும்பி வந்தது. முழுவதும் வரவில்லை, ஆனால் வந்தது. இதைப் பஞ்சாமிர்தத்தின் இரண்டாம் பிறப்பு என்றே நான் சொல்வேன்.

விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அது கிடைத்தது 2019 ஆகஸ்டில். தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதலில் அதைப் பெற்றது இதுவே. அதற்கு முந்தைய நவம்பரில்தான் கஜா புயல் இந்தச் சரிவுகளில் புகுந்து வாழையையும் காபியையும் மிளகையும் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. புயல் ஓய்ந்தாலும் யானையும் காட்டுமாடும் ஓய்வதில்லை. தார் முற்றும் வரை இரவில் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய தாரைச் செங்குத்தான தோட்டத்திலிருந்து தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோ ஏற்றித்தான் சாலைக்குக் கொண்டுவர முடியும். சமவெளியில் சொட்டுநீர் விட்டு லாரியில் ஏற்றும் வாழையோடு ஒரே விலைக்குப் போட்டி போடச் சொல்வது நியாயமே இல்லை.

புவிசார் குறியீடு என்பது மண்ணுக்குத் தரும் மரியாதை. அந்த மண்ணில் நிற்கிறவனுக்கு அதில் ஒரு காசாவது போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு சிறிய காரியத்தைக் கோயில் நிர்வாகம் செய்யலாம். பஞ்சாமிர்த டப்பாவில் உள்ளே இருக்கும் வாழை எந்த ரகம், எந்த ஊரில் விளைந்தது என்று அச்சடிக்கட்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று ஊர்ப்பெயர் அதில் இருக்கட்டும். அதுவரை, கொடைக்கானல் போகிறவர்கள் ஊத்தில் ஒரு முறை வண்டியைத் திருப்பிப் பண்ணைக்காட்டுக்குப் போய், மலைவாழை என்று கேட்டு ஒரு சீப்பு வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.