வழியறியும் ஆற்றலும் ஓட்டிசமும்

ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, போரெஸ்ற் என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டு பிறந்தவர் டொனால்ட் திரிப்லெற். 1938இல் பெற்றோர் அவரைப் போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மகனின் போக்குகளை விவரித்துத் தந்தையார் முன்னதாகவே 33 பக்கங்களில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அங்கே சிறுவனைப் பார்வையிட்ட வைத்தியர் லியோ கானர், 1943இல் 11 பிள்ளைகளின் வரலாறுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று ஓட்டிசம் என வழங்கும் நிலையை மருத்துவ உலகம் பரவலாக அறியச் செய்த கட்டுரை அதுவே. அதில் வரும் முதலாவது பிள்ளை டொனால்ட்.

அக்கட்டுரையில் இன்னொரு சிறுவனைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. அவன் குடும்பம் வீடு மாறியது. தன் அறையின் கம்பளத்தைச் சுமையாட்கள் சுருட்டக் கண்டு அவன் பெரிதும் கலங்கினான். புதிய வீட்டிலே தன் தளபாடங்கள் முன்போலவே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்ததைக் கண்ட பின்னரே கலக்கம் தீர்ந்தது. ஒவ்வொன்றையும் அன்போடு தட்டிக்கொடுத்தபடி சுற்றி வந்தான். எப்பொருள் எங்கே இருந்தது என்பது அவ்வுள்ளத்திலே வழுவின்றிப் பதிந்திருந்தது போலும். ஆயினும், அத்தகைய உள்ளம் முன்பின் அறியாத தெருவிலே வழி காணுமா? இக்கேள்வி ஆராய்ச்சிக்கு வர நெடுங்காலம் சென்றது.

அதற்கு வேண்டிய கருத்து எலிகளை ஆராய்ந்தோரிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லியிலே எட்வர்ட் டோல்மன், எலிகள் பழகிய பாதையை அடைத்துவிட்டுப் பார்த்தார். உணவு இருந்த திசையை நோக்கிச் செல்லும் புதுப் பாதையைப் பல எலிகள் தேர்ந்தன. உயிரினத்தின் உள்ளத்திலே ஒருவகை வரைபடம் உண்டென்று 1948இல் அவர் எழுதினார். அறிஞர் எல்லோரும் அதை ஏற்றாரல்லர். 1971இல் இலண்டனில் ஜோன் ஓகீப்பும் அவருடைய துணை ஆய்வாளரும், எலி குறித்த ஓரிடத்தில் நிற்கும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலே குறித்த சில நரம்புக் கலங்கள் முனைப்புறுவதைக் கண்டனர். இத்துறைக்கு ஓகீப்பும் நோர்வேயின் மோசர் தம்பதியரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஓட்டிச நிலையுடையோரிடம் இதே ஆற்றலைச் சோதித்தபோதுதான் விடைகள் முரண்பட்டன. கனடாவின் மொன்றியலைச் சேர்ந்த குழுவினர், மனிதர் நடந்து செல்லத்தக்க அளவிலே சிக்கற்பாதை ஒன்றை அமைத்துச் சோதித்து, 2004இல் தம் முடிவை வெளியிட்டனர். ஓட்டிச நிலையுடையோர் அப்பாதையைக் கற்பதில் ஏனையோருக்குப் பின்னிற்கவில்லை. வரைபடத்தைக் கற்பதில் அவர்களே விரைவுடையோராயிருந்தனர். சென்ற வழியை வரைந்து காட்டுவதிலும் அவர்களே மேம்பட்டனர். இதைக் கேட்டு மகிழ்ந்தவர்களை 2011இல் இங்கிலாந்திலிருந்து வந்த முடிவு தயங்க வைத்தது. நிலத்திலே விளக்குகள் பொருத்திய ஓர் அறையில், மறைந்திருக்கும் இலக்கைத் தேடுமாறு சிறுவர்களை விட்டனர். இலக்கு பெரும்பாலும் அறையின் ஒரு பக்கத்திலேயே வைக்கப்பட்டது. ஏனைய சிறுவர் அதனை உணர்ந்து அப்பக்கமே நாடினர். ஓட்டிசச் சிறுவர் அவ்வளவாக உணரவில்லை. அவர்கள் தேடிய முறையிலும் ஒழுங்கு குறைவு. ஒழுங்கையே உயிராகக் கொண்டவர்கள் என்று பேசப்பட்டவர்கள் அவர்கள்! 2013இல் வெளியான வேறோர் ஆய்வு, கணினித் திரையிலே ஒரு தீவை உருவாக்கி, அதில் பொருள்களைக் கண்டுபிடிக்கும்படி ஓட்டிச நிலையுடைய வளர்ந்தோரைக் கேட்டது. அவர்களும் பின்தங்கினர்.

முரண் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. மொன்றியலிலே மேன்மை தோன்றியது வரைபடத்தோடு தொடர்புற்ற வேலைகளில். மற்ற இரண்டிலும் வரைபடத்தைத் தாமே, அலைந்து தேடும்போதே, உள்ளத்தில் ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆற்றலல்ல என்றே தோன்றுகிறது.

ஆய்வுகளில் ஒரு குறையும் உண்டு. 2004, 2013 ஆகிய இரண்டிலும் பங்குகொண்டோர் அறிவுத்திறன் குன்றாதவர்கள். பேச்சே வராத பிள்ளைகளை இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் எட்டவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே பெற்றோரிடம் விசாரித்து 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓட்டிசப் பிள்ளைகளுள் 49 சதவீதத்தினர், நான்கு வயதின் பின் ஒரு தடவையேனும் தனியே வெளியேற முயன்றவர்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டுக் கண்விழித்திருக்கும் தாய்க்கு, தன் பிள்ளை திரும்பி வரும் வழியை அறியுமா என்பதே கேள்வி. ஆய்வுகூடம் அவளுக்கு இன்னும் சரியான விடை கூறவில்லை.

டொனால்டின் பின்வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. சிறுவயதில் அவர் ஊருக்கு அயலிலுள்ள ஒரு விவசாயியின் குடும்பத்தோடு சில காலம் வாழ்ந்தார். அளப்பதிலும் எண்ணுவதிலும் அவருக்கிருந்த பித்தை அவர்கள் தடுக்கவில்லை. கிணற்றின் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தனர்; சோள வரிசைகளை உழுதுகொண்டே எண்ணச் செய்தனர். 1945இல் அங்கு சென்ற கானர், அச்சிறுவன் குதிரையையும் கலப்பையையும் செவ்வனே நடத்தி வரிசை முடிவில் திருப்புவதைக் கண்டு வியந்தார். டொனால்ட் பின்னர் பட்டம் பெற்றார். குடும்பத்தாரின் வங்கியிலே பணியாற்றினார். 27 வயதில் மோட்டார் வண்டி ஓட்டக் கற்றார். 2010இல் அவரைப் பற்றிய விவரம் சஞ்சிகையொன்றில் வெளிவந்தபோது, 28 வெளிநாடுகளைத் தனியே கண்டு மீண்டிருந்தார். பெரும்பாலும் ஆறு நாளுக்கு மேல் வெளியே தங்குவதில்லை. படங்களிலே முன்னமே பார்த்திருந்த இடங்களைத் தேடிச் சென்று, தம் கையால் படம்பிடித்து வருவார். 2023இல் அவர் காலமானார். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் வீட்டிலமர்ந்து அப்படங்களை ஏட்டிலே ஒட்டி ஒழுங்குசெய்து, அடுத்த பயணத்துக்குத் திட்டமிடத் தொடங்குவது அவர் வழக்கம்.