கொப்பியில் வெட்ட வேண்டிய ஒரு வரி



உயர்தர வகுப்பில் தரவுத்தளப் பாடம் படிப்பிக்கும்போது நாம் ஒரு பிழையைச் செய்திருக்கிறோம். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

1970க்கு முந்திய தரவுத்தளங்களில் ஒரு விபரத்தை எடுக்க, அது எந்தக் கிளையில் தொங்குகிறது என்று நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் அப்படித்தான். அதே ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட், 1970 ஜூனில் வெளியான கட்டுரையில், தரவை அட்டவணையாக வைத்தால் போதும், சேமிக்கப்பட்ட விதம் கேட்பவருக்குத் தெரியத் தேவையில்லை என்றார். ஆனால் அவர் எழுதியது முழுக்கக் கணிதம். அதைச் சாதாரண ஆங்கிலம் போன்ற மொழியாக்கியவர்கள் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும். 1974இல் சீக்வெல் என்ற பெயரில் வெளியிட்டார்கள். பொய்ஸ் அதே வருடம் இளம் வயதில் காலமானார். அந்தப் பெயர் ஒரு பிரித்தானிய விமானக் கம்பனியின் வர்த்தகக் குறியாக இருந்ததால் பின்னர் எஸ்கியூஎல் என்று சுருங்கியது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமும் கிடைத்தது.

நமக்குப் பிடித்த விடயம், அந்த 1974 கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான். கணினி நிபுணர் அல்லாத கணக்காளர், பொறியியலாளர், கட்டடக்கலைஞர் போன்றோருக்காக. உதாரணங்களும் ஒரு பெரிய கடையின் ஊழியர், விற்பனை, பொருள் பற்றியவைதான். கடைக்கணக்குக்கும் இந்த மொழிக்கும் பிறப்பிலேயே சொந்தம்!

இனி நம் பிழை. ஒரு மாணவன் தன் வாப்பாவின் கடைக்கணக்கை ஒப்படைக்குக் கொண்டுவந்தான். எழுதுபொருள் பிரிவில் இரண்டே வரிகள். கொப்பி: கொள்விலை 10,000 ரூபாய், லாபம் 500, அதாவது 5 வீதம். பேனை: கொள்விலை 1,000, லாபம் 400, அதாவது 40 வீதம். நாம் சொல்லிக்கொடுத்தபடி ‘குரூப் பை’ போட்டு வீதங்களின் சராசரியை ‘ஏவிஜி’யால் எடுத்தான். 22.5 வந்தது. வாப்பா பார்த்துவிட்டுச் சிரித்தாராம்: “இவ்வளவு லாபமெண்டா காசு எங்கடா மகன்?”

கேள்வி நியாயமானது. மொத்த லாபம் 900, மொத்தக் கொள்விலை 11,000. உண்மையான வீதம் 8.18 மட்டுமே. ‘ஏவிஜி’ பத்தாயிரத்தையும் ஆயிரத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டது. முதலில் லாபத்தையும் கொள்விலையையும் தனித்தனியே ‘சம்’ பண்ணி, பிறகுதான் வகுக்க வேண்டும்.

அதிலும் ஒரு பொறி. இரண்டும் முழு எண் நிரல்களாக இருந்தால் போஸ்ட்கிரஸிலும் எஸ்கியூஎல் சேர்வரிலும் 900ஐ 11,000ஆல் வகுக்க 0 தான் வரும். மைஎஸ்கியூஎல்லில் தசமம் வரும். முதலில் 100.0 ஆல் பெருக்கினால் தப்பலாம். இலவசமாக வந்த பொருளுக்குக் கொள்விலை 0 என்றால் 1992 நியமத்தில் சேர்ந்த ‘நல்இஃப்’ கைகொடுக்கும்.

இம்முறை கரும்பலகையில் திருத்திவிட்டோம். ஆனால் முந்திய தொகுதிப் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இதை வாசித்தால், கொப்பியில் ‘ஏவிஜி’ போட்ட அந்த வரியை வெட்டிவிடுங்கள். மன்னித்தும் கொள்ளுங்கள்.