சந்தம் காத்த இசை

திருவண்ணாமலைக் கோயிலின் கம்பத்திளையனார் சந்நிதி அருணகிரிநாதர் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாத் தொடர்புடையது. பிரபுடதேவராயன் முன்னிலையில் முருகப்பெருமான் அங்குத் தூணிற் காட்சியளித்தான் என்பது மரபு. அவ்வரசன் பெயர் திருப்புகழிலேயே வருதலின், அவனை 1446 வரை ஆண்ட விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயனாகக் கொண்டு, புலவரை 15ஆம் நூற்றாண்டினர் என்பர். பாடியவை பதினாறாயிரம் என்பது செவிவழிச் செய்தி. கிடைத்துள்ளவை சுமார் 1,300. அவற்றை அவர் எம்மெட்டில் பாடினார் என்பதை அறிய இன்று வழியில்லை. தேவாரத்திற்குப் பண்முறையும் ஓதுவார் மரபும் துணைநின்றன. திருப்புகழுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை.

மெட்டு மறைந்தும் தாளம் மறையவில்லை. அது சொல்லுக்குள்ளேயே இருந்தது. 'தத்த', 'தந்த', 'தய்ய', 'தான' என்னும் சந்தக் கூறுகளில், குறில் நெடில் வேறுபாடு மட்டுமன்று, குறிலை அடுத்து வருவது வல்லொற்றா மெல்லொற்றா இடையொற்றா என்பதும் கணக்கிற் கொள்ளப்படும். ஓரடியில் அமைந்த சந்தம் ஏனைய அடிகளிலும் மாறாது வரும். பழைய ஏடுகளிலோ மெய்க்குப் புள்ளி இராது; எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. அத்தகைய ஏட்டில் ஓரடி ஐயத்திற்கிடமானால், அடுத்த அடியின் சந்தம் அதனைத் திருத்தித் தரும். புலவர் தம் பாட்டுக்குக் காவலையும் பாட்டிலேயே வைத்துச் சென்றார் எனலாம்.

அக்காவலைப் பயன்கொண்டவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை (1846-1909). 1871இல் தில்லைத் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் திருப்புகழ்ப் பாடல் சான்றாகக் காட்டப்பட்டதை அறிந்தது முதல், நீதித்துறையில் பணியாற்றிய அவர் ஊர்தோறும் ஏடு தேடலானார். பாட்டின் பெருமையைப் பாடகர் உணர்த்தாமல் வழக்குமன்றம் உணர்த்தியது வியப்பே! 1890களில் முதற்பகுதி அச்சேறியது. அவர் மைந்தர் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883-1972) அப்பணியைத் தொடர்ந்து, உரையும் ஆராய்ச்சியும் வழங்கினார். இன்றைய பதிப்புகளில் பாடலின் தலைப்பில் நிற்கும் சந்தக்குழிப்பைப் படிப்போர் பலர் கடந்துசெல்வர். அருணகிரியாரின் இசைக்கு எஞ்சிய குறிப்பு அதுவேயாகும்.

அச்சிட்டதைப் பாடவைத்தவருள் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (மறைவு 1950) தலையாயவர். மைசூர் அரண்மனையில் சமையற்பணி புரிந்த அவர் பழநியில் திருப்புகழ் கேட்டு உருகினார். திருவண்ணாமலையில் இரமணரை அடைந்த அவருக்கு, திருப்புகழே மந்திரம் எனக் கூறி வள்ளிமலைக்கு வழிகாட்டியவர் சேஷாத்திரி சுவாமிகள் என்று அவர் வரலாறு கூறும். ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமாரைக் காணச் சென்ற மக்களைத் திருத்தணிக்கு அழைத்து, படிதோறும் பாடச்செய்த திருப்படி விழா அவர் ஏற்படுத்தியது.

கச்சேரி மேடையில் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889-1934) அரிய தாளங்களில் திருப்புகழைப் பாடினார். 1964இல் வெளிவந்த 'அருணகிரிநாதர்' திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய மெட்டைப் பழைய மெட்டென்றே எண்ணுவோர் உளர். அது திரையிசையின் ஆக்கம். குறையொன்றுமில்லை, ஆயினும் உண்மை தெரிந்திருத்தல் நன்று. தில்லியில் 1958 முதல் திருப்புகழ் கற்பித்த ஏ. எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்குத் தாமே இராகம் அமைத்தார். மெட்டுகள் புதியன; தாளத்தை மட்டும் அவரும் சந்தத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்.